பென்டிரைவில் இல்லாத பேர்

மணிவேல்: பென்டிரைவ்ல மட்டும் கைய வைக்காத கல்பனா. வேற இன்னா வேணா கேளு.

கல்பனா: ஏண்ணா இப்டி பதர்றே? தொட்டா கடிக்குமா?

மணிவேல்: கடிக்கும். திருவிழாவுக்கு போர்டுல ஓடற பேருங்க அதுலதான் இருக்கு, ஊர்க்கவுண்டர் பாத்து சரின்னு சொல்லிக் குடுத்தது. ஒரு பேரு கூடினாலும், வர்ற வருசம் நான் கலசப்பாக்கத்துலேர்ந்து மலையேறி சீரியல் செட்டு கட்ட முடியாது.

கல்பனா: அய்ய… பேரு ஓடற ஒன் லைட்டு போர்டே லேப்டாப்புல நான் எழுதிக் குடுத்த புரோகிராம்லதான் ஓடுது. ஞாபகம் கீதா?

மணிவேல்: கீது, கீது. திருவிழாவுக்குத் திருவிழா சொல்லிக் காட்டு.

கல்பனா: ஒரே ஒரு பேருண்ணா.

மணிவேல்: எந்தப் பேருன்னு தெரியும். ஒங்க அண்ணன் வெற்றிச்செல்வன் பேரு.

கல்பனா: ஆமாண்ணா, அவன் பேருதான்.

மணிவேல்: இங்க வழக்கம் ஒனக்குத் தெரியாதா? சாமி கோயில வுட்டுக் கெளம்பறப்போ உசுரோட இருக்கறவங்க பேரு ஓடும். படையல் போடறப்போ செத்தவங்க பேரு ஓடும். ஆந்திரா பக்கம் மரம் வெட்டப் போனவன் திரும்பியும் வரல, பொணத்த யாரும் பாக்கவும் இல்ல. அவன எந்த வரிசையில போடறது?

கல்பனா: ரெண்டுலயும் போடாமதான் இத்தினி வருசம் ஓட்டிட்டாங்களே! எங்க ஈஸ்வரி அண்ணி ஒவ்வொரு திருவிழாவுக்கும் இந்த போர்டு எதிர்லயே நிக்குது. கடைசிப் பேரு போறவரைக்கும் நிக்குது. அப்புறம் ஒண்ணும் பேசாம வூட்டுக்குப் போய் அடுப்பு பத்த வைக்குது. எனக்கு வயிறு எரியுதுண்ணா.

மணிவேல்: எனக்கு மட்டும் எரியலியா? நானும் இங்கேர்ந்துதான் பாத்துக்கினு இருக்கேன்…

கல்பனா: அப்ப கேளு. பென்டிரைவ நான் தொடல. பேர மெமரில வச்சுக்கறேன்.

மணிவேல்: மெமரின்னா… மெமரி கார்டா?

கல்பனா: கார்டு இல்ல. லேப்டாப்பு ஓடறவரைக்கும் தானே நெனப்புல வச்சுக்கும்ல, அங்க. ஃபைலே கெடையாது. ஆஃப் பண்ணா போச்சு. கவுண்டர் தலகீழா நின்னு தேடினாலும் ஆம்புடாது.

மணிவேல்: ஃபைல் இல்லாம போர்டு எத்தப் படிக்கும்?

கல்பனா: போர்டுக்கு இன்னா தெரியும்? அடுத்த எழுத்து குடுன்னு கேக்கும். குடுத்தா காட்டும். திரும்ப அடுத்தது கேக்கும். அது பென்டிரைவ்லேர்ந்து வந்துதா, நெனப்புலேர்ந்து வந்துதான்னு அதுக்குக் கவலையே இல்ல.

மணிவேல்: எல்லா எழுத்தும் தீந்துட்டா?

கல்பனா: தீந்துபோச்சுன்னு சொல்லிட்டு நின்னுடும். படிச்ச எழுத்து திரும்ப வராது. ஒரே தபாதான்.

மணிவேல்: பேரு ஒழுங்கா வருமா? ஊரே பாக்கும்.

கல்பனா: மதியமே பாத்துட்டேன். மொதல்ல 'வெ' ஒடஞ்சு கொம்பு தனியா, 'வ' தனியா வந்துது. ஒண்ணா சேத்து எடுக்கறாப்புல மாத்திட்டேன்.

மணிவேல்: மதியமே வேலைய முடிச்சிட்டு இப்ப வந்து கெஞ்சறியா! கேடிதான் நீ. சரி… எங்க போடுவே?

கல்பனா: உசுரோட இருக்கறவங்க வரிசை முடியுதுல்ல… அது பின்னாடி.

மணிவேல்: உசுரோட இருக்கறவங்களா? யோசிச்சுதான் சொல்றியா?

கல்பனா: இந்த வருசம் மட்டும்ணா. வர்ற வருசம் கேக்கமாட்டேன்.

மணிவேல்: ஏன் கேக்கமாட்டே?

கல்பனா: கேக்கமாட்டேன்னா வுடேண்ணா.

மணிவேல்: கல்பனா, மூஞ்சியக் காட்டு. இன்னா ஆச்சு?

கல்பனா: மேளம் கேக்குது. சாமி கெளம்பிடுச்சு. ஒயரச் சொருகுண்ணா, சீக்கிரம்!

மணிவேல்: சொருகிட்டேன். தோ ஓடுது… முனியன்… ஜெயம்மாள்… சின்னராசு… தீர்த்தகிரி. அவ்ளோதான், வரிசை முடிஞ்சுது.

கல்பனா: இப்ப பாரு… வெ… ற்… றி…

மணிவேல்: ச்… செ…

கல்பனா: ல்… வ… ன். அண்ணியப் பாரு! பாத்துதா?

மணிவேல்: பாத்துடுச்சு. கையெடுத்துக் கும்புடுது.

கல்பனா: கும்புடுதா? ஏன்?

மணிவேல்: சாமி எதிர்ல வருதுல்ல… அதுக்கா இருக்கும்.

கல்பனா: போதும்ணா. எனக்கு இது போதும்.

மணிவேல்: இப்பவாவது சொல்லும்மா.

கல்பனா: நேத்து எனக்கு போலீஸ்லேர்ந்து ஃபோன் வந்துச்சு. காட்டுல கெடச்ச எலும்போட ஒப்பிட்டுப் பாக்க நான் ரத்தம் குடுத்தேன்ல… ஒத்துப்போச்சாம். எங்கண்ணன்தானாம்.

மணிவேல்: அண்ணிகிட்ட சொன்னியா?

கல்பனா: அண்ணிக்கு இன்னும் தெரியாது. திருவிழா முடியட்டும், நானே பக்கத்துல உக்காந்து சொல்லிக்கறேன். அதுக்கு முன்னாடி ஒரு தபா, உசுரோட இருக்கறவங்க கூட அவன் பேர அது பாத்துடணும்னு… அவ்ளோதான்ணா.

மணிவேல்: அழாத. அழாதம்மா… படையல் ஆரம்பிக்கப்போறாங்க. நீ போய் ஜெனரேட்டர்ல டீசல் கீதான்னு பாத்துட்டு வா.

கல்பனா: இப்பதானே ரொப்பின?

மணிவேல்: போயேன். ஒரு டீயாவது குடிச்சிட்டு வாயேன்.

கல்பனா: இரு, எங்கப்பா பேரு வரும். பாத்துட்டுப் போறேன்.

மணிவேல்: சொன்னா கேளு கல்பனா… போர்டப் பாக்காத.

கல்பனா: சின்னக்குழந்தை… தோ, அப்பா பேரு. அப்பா… ஐயோ, இன்னாண்ணா இது? அப்பாவுக்கு அடுத்து… வெ… ற்… நிறுத்துண்ணா! நான் வச்சது திரும்ப ஓடுது! இந்த வரிசையில ஓடக் கூடாது, அண்ணி பாத்துக்கினு நிக்குது!

மணிவேல்: நீ வச்சது இல்லம்மா அது. அது ஒரு தபா ஓடித் தீந்துபோச்சு.

கல்பனா: அப்ப இது எங்கேர்ந்து வருது?

மணிவேல்: பென்டிரைவ்லேர்ந்து.

கல்பனா: யாரு… யாரு போடச் சொன்னது?

மணிவேல்: ஈஸ்வரி. ஃபோன் மொதல்ல அதுக்குதான் வந்துச்சாம். தெரிஞ்ச பின்னாடி அவரப் படையல் இல்லாம பட்டினி போட முடியாதுன்னு கவுண்டர்கிட்ட அதுவே போய் நின்னு பேரச் சேத்துச்சு. காலையில இங்க வந்து என் கையப் புடிச்சுக்கினு, "இந்த வரிசை ஓடறப்போ கல்பனாவ எங்கனா அனுப்பிடுண்ணா, அதுக்கு இன்னும் தெரியாது… திருவிழா முடியட்டும், நானே பக்கத்துல உக்காந்து சொல்லிக்கறேன்"னு சொல்லிட்டுப் போச்சு.