அவிழ்க்காத காப்பு

மணியம், விளக்கைக் குறை. எல்லோரும் கிட்டே வாங்க. இது நம் மனோகரனின் பெரியப்பாவுக்கு நடந்தது.

ராத்திரி இரண்டு மணி. ஜப்பான்காரன் காலம், நாற்பத்து மூன்றாம் வருஷம். கரங்கான் பக்கம் ஓர் எஸ்டேட். வெளியே போக ஒரே செம்மண் சாலை. இருபுறமும் ரப்பர் மரம். அந்தச் சாலையில் ஒரு லாரி.

லாரியில் பன்னிரண்டு பேர். சயாமில் ரயில் பாதை போடப் பிடித்த ஆட்கள், பெரியப்பாவும் அதில் ஒருவர். காவலுக்கு வாளும் துப்பாக்கியுமாக ஒரு ஜப்பான் சிப்பாய். முன்பு பிடித்துக்கொண்டு போன முப்பத்தாறு பேரில் ஒருவரும் திரும்பவில்லை. பெரியப்பா சின்னையாவின் தம்பியும் அதில் ஒருவன்.

சின்னையா எஸ்டேட் மாரியம்மன் கோயில் பூசாரி. அன்று திருவிழா நடுவில் இருந்தது. மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. காப்புக் கட்டியவன், கோயிலில் அதை அவிழ்க்கும்வரை எஸ்டேட் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது.

கல் தெரிந்தது.

"நிறுத்தச் சொல்லு. நான் தாண்ட மாட்டேன்."

எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி மெய்யப்பன் மொழிபெயர்க்கக் கூட வந்திருந்தான். "சும்மா வாங்க லா, பூசாரி. அவன்கிட்ட வாள் இருக்கு."

"இருக்கட்டும். ஆத்தாகிட்டயும் இருக்கு."

லாரி நின்றது. கிராணி காப்பைக் காட்டி விளக்கினான். சிப்பாய் சிரித்தான். அதை அறுத்தெடுத்துத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டான். இப்போது போகலாம் என்று கையை ஆட்டினான்.

பெரியப்பாவும் சிரித்தார். "கிராணி, அவன்கிட்டச் சொல்லு. இனிமே அவன்தான் தாண்டக் கூடாது."

மெய்யப்பன் அதைச் சொல்லவில்லை.

லாரி நகர்ந்தது. கல்லருகே... இன்ஜின் அணைந்தது. வேப்பிலை வாடை. மரங்களுக்குள் சலங்கை... ஜல்... ஜல்...

சிப்பாய் துப்பாக்கியோடு இறங்கிச் சத்தம் வந்த பக்கம் போனான். பூட்ஸில் சருகு மிதிபட்டது. பிறகு மிதிபடவில்லை.

ஓட்டியவன் இரண்டு முறை கூப்பிட்டான். லாரியை விட்டுவிட்டு ஓடினான். ஆட்கள் காட்டுக்குள் சிதறினார்கள். பெரியப்பா மட்டும் கோயிலுக்கு நடந்தார். புதுக் காப்புக் கட்டிக்கொண்டார்.

கடைசி நாள் ராத்திரி. காப்பு அவிழ்ப்பு. ஒரே விளக்கு. வரிசையாக நீண்ட கைகளின் காப்பைப் பெரியப்பா ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கடைசி ஆளும் நகர்ந்தான்.

இருட்டிலிருந்து இன்னொரு கை நீண்டது.

காக்கிச் சட்டை. ஈர மண் வாடை. காப்பு... சதைக்குள் இறங்கியிருந்தது.

கூட்டம் பின்வாங்கியது. பெரியப்பா அசையவில்லை.

"முப்பத்தாறு பேரும் வரட்டும். அப்புறம் அவிழ்க்கிறேன்."

கை போய்விட்டது.

அவர் சாகும்வரை வருஷா வருஷம் கை வந்தது. வருஷா வருஷம் அதே பதில். இப்போது அவிழ்ப்பது மனோகரன். போன திருவிழாவில் ஒரு கை இல்லை, இரண்டு கைகள் வந்தனவாம். கும்பிட்டபடி.

மனோகரன் எண்ணிப் பார்த்தானாம், முப்பத்தாறில் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று. ஒருவரும் இல்லை.

விளக்கை ஊதி அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.