அரசு காட்டில் விட்டுவைக்கக் கூடாதவை

ஆறு பேராக வேட்டைக்குப் போவதில் பெரிய தலைவலி மான் இல்லை, கழிப்பறைக் காகிதம். எவ்வளவு வாங்கினாலும் சனிக்கிழமைக்குள் தீர்ந்துவிடும். முப்பத்தொரு நவம்பராக, வடக்கு விஸ்கான்சின் அரசு காட்டில் எங்கள் முகாமை நடத்துகிறவன் நான். கூடாரம், பிராந்தி, மான்கறித் தொத்திறைச்சி, யார் எந்த மரத்தில் பரண் கட்டுவது, எல்லாம் என் பொறுப்பு. இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

சாப்பாட்டு வேளையில் கதை சொல்வதும் நான்தான். என் கதைகளில் உண்மை இருக்காது. இருப்பதாக நான் சொன்னதுமில்லை. ஆர்விட் என்னோடு பள்ளியில் படித்தவன். நல்லவன்தான், ஒரே ஒரு வழக்கத்தைத் தவிர. நான் கரடிக் கதையைத் தொடங்கி, ஓடையைத் தாண்டி, துப்பாக்கி கை நழுவும் இடத்துக்கு வந்திருப்பேன். கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "கடைசில கரடிதான் இவனைச் சுட்டுச்சாம். ரொட்டிய இப்படித் தள்ளுங்கப்பா" என்பான். எல்லா வருடமும்.

சனிக்கிழமை மூன்று மணி போல அவனுடைய மரத்தடிக்குப் போனேன். பரணிலிருந்து இறங்கும்போது கால் தவறியிருக்கிறான். தரைக்குப் பன்னிரண்டு அடி மேலே, ஆரஞ்சுச் சட்டையோடு, இடுப்பிலும் தொடையிலும் மாட்டியிருந்த பாதுகாப்புப் பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தான். துப்பாக்கி கீழே பனியில் கிடந்தது. ஏணி அவன் கைக்கு எட்டாமல் மரத்தின் மறுபக்கம் சாய்ந்து நின்றது.

"சிரிச்சது போதும்டா கிழவா. ஏணிய என் கால் பக்கம் நகர்த்து. தொடையெல்லாம் மரத்துப்போச்சு."

நகர்த்தத்தான் போனேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எழுந்து போக முடியாத ஆள் ஒருவன் கதை கேட்கக் கிடைப்பது லேசில்லை. எதிரே விழுந்துகிடந்த மரத்தில் உட்கார்ந்து கரடிக் கதையைத் தொடங்கினேன். அவன் திட்டினான். பிறகு கெஞ்சினான். நான் நிதானமாக ஓடையைத் தாண்டினேன். முடித்ததும் இறக்கிவிடுவதாகத்தான் எண்ணம். கதை முடிய இன்னும் இரண்டு நிமிடம் இருந்திருக்கும்.

"தெரியும்டா. கரடி உன்னைச் சுட்டுச்சு. ஏணிய எடு."

எடுத்தேன். தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் காட்டில் பொழுது சாய்ந்தபின் ஏணியை விட்டுவைக்கக் கூடாது, அபராதம் போடுவார்கள். ஆளை விட்டுவைப்பது பற்றி விதியில் ஒன்றும் இல்லை. நான் முழுவதும் படித்திருக்கிறேன். வண்டி வரைக்கும் அவன் குரல் கேட்டது. என் பெயரை அவ்வளவு மரியாதையாக அவன் சொல்லி நான் கேட்டதே இல்லை.

சாப்பிடும்போது, எங்களுக்குச் சமைக்கும் டெல்மர், ஆர்விட் எங்கே என்று கேட்டான்.

"மரத்துல தொங்கறான். ஏணி என் வண்டியில இருக்கு."

நாலு பேரும் சிரித்தார்கள். டெல்மருக்குப் புரையேறிவிட்டது. "அப்ப கரடி ஏணி கேட்டு வரும், பாத்துக்க" என்றான். ஆர்விட் ஊருக்குள் குடிக்கப் போயிருப்பான் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. நான் மறுபடியும் சொன்னேன், எந்த மரம் என்பதையும் சேர்த்து. இன்னும் சிரித்தார்கள். மூன்றாவது முறை, பட்டை அவன் தொடையை எப்படி இறுக்கியிருந்தது என்றுகூட விளக்கினேன். ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த வருடக் கதை பிரமாதம் என்றான்.

அந்த முகாமில் நான் சொன்ன ஒரே உண்மை அது. நாலு பேர் கேட்டார்கள். ஒருவனும் எழுந்திருக்கவில்லை. ஆர்விட்டைக் கொன்றது யார் என்று நீங்கள் என்னைப் போய்க் கேட்கிறீர்கள்.