சாரியின் வழக்கில் நான் சிரித்தது

கோர்ட் பெஞ்சு எங்கள் கல்லூரி பெஞ்சைவிட எவ்வளவோ தேவலை. முதுகுக்குச் சாய்மானம் உண்டு, தலைக்கு மேலே மின்விசிறி உண்டு, யாரும் திடீரென்று எழுப்பிக் கேள்வி கேட்பதில்லை. சாரியின் வழக்கில் ஐந்து வாய்தாவுக்கும் தவறாமல் போனவன் நான். ஆனால் கல்லூரியில் யாரும் அதைப் பேசுவதில்லை. மூன்றாவது வாய்தாவில் நான் சிரித்ததைத்தான் பேசுகிறார்கள். நண்பன் கூண்டில் நிற்கும்போது சிரிக்கிறவன் மனுஷனா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

சாரி என் வகுப்புத் தோழன். வீட்டில் வைத்த பெயர் வேறு. கதவில் இடித்துக்கொண்டால் கதவிடமே சாரி சொல்கிற ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது? சுவர் இதழில் நையாண்டி எழுதுகிறவன் என்பதால் பட்டப்பெயர் வைக்கிற இலாகாவும் என்னிடம்தான் இருந்தது. பஸ்ஸில் யாராவது இவன் காலை மிதித்தால், கால் அங்கே இருந்ததற்காக இவன் மன்னிப்புக் கேட்பான்.

வழக்கு இதுதான். நூலகத்தின் பின்னறையில் இருந்த பழைய பேப்பர் கட்டுகளுக்கு யாரோ தீ வைத்துவிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே மேஜையில் தலை சாய்த்து அரைமணி நேரம் தூங்குவது நூலகரின் வழக்கம். கதவு வெளியே தாழ் போட்டிருந்தது. மூன்று நாள் தாமதமான புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த சாரி, புகையைப் பார்த்து, கொதிக்கிற தாழை வெறுங்கையால் இழுத்துத் திறந்து, அவரை வெளியே தூக்கிவந்தான். அதோடு நிறுத்தியிருந்தால் மாலை போட்டிருப்பார்கள். கூட்டம் கூடியபோது நூலகர் பக்கத்தில் உட்கார்ந்து, "சாரி சார்... தப்பு என்மேலதான் சார்" என்று அழுதுகொண்டிருந்தான். பதினோரு பேர் கேட்டார்கள். மயங்குவதற்கு முன் நூலகரும் கேட்டார்.

அவனுடைய வக்கீலம்மா தலையில் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை.

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு. சாரின்ற வார்த்தை உன் வாயில வரவே கூடாது."

"சரி மேடம், சாரி."

"இப்பத்தானேடா சொன்னேன்!"

அரசு வக்கீல் விடுவாரா? அவன் கையிலிருந்த கொப்புளத் தழும்பைக் காட்டச் சொல்லி, தீ வைத்த கை என்றார்.

"அன்னைக்குத் தப்பு என்மேலதான்னு சொன்னியா, இல்லையா?"

"சொன்னேன் சார்."

"ஏன் சொன்ன?"

"அவருக்குக் கையெல்லாம் வெந்து போயிருந்துச்சு சார். யாராவது ஒருத்தர் சொல்லணும்ல?"

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாரியின் அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். அவர்களுக்கு அப்பா அம்மா இல்லை. தையல் கடையில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, சட்டையில் ஒட்டிய நூலோடு வருவாள்.

"உள்ள போட்டுருவாங்களா தம்பி? அவனால அங்கெல்லாம் இருக்க முடியாதுப்பா. தட்டை யாராவது பிடுங்கினாக்கூட சாரி சொல்லிட்டுப் பட்டினி கிடப்பான்."

"ஒண்ணும் ஆகாதுக்கா," என்றேன். ஆறுதல் சொல்வதில் நான் குறை வைத்ததில்லை.

இப்போது அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். நூலகர் சாட்சி சொல்ல வந்தார். புகையில் தொண்டை போய்விட்டது. காற்றுதான் வருகிறது. முப்பது வருஷமாக "சத்தம் போடாதே" என்றே வாழ்ந்தவரைப் பார்த்து நீதிபதி, "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றார். நீங்களாக இருந்தாலும் சிரித்திருப்பீர்கள்.

"யாரது?" என்றார் நீதிபதி.

நான் எழுவதற்குள் கூண்டிலிருந்து குரல் வந்தது. "மன்னிச்சுக்குங்க ஐயா. என் ஃப்ரெண்டுதான். வேணும்னு சிரிக்கல."

எவ்வளவு நல்லவன் பாருங்கள்.

தீ சமாசாரத்தையும் சொல்லிவிடுகிறேன். நூலகத்துத் தீ எச்சரிக்கை மணி ஆய்வுக்கு ஆள் வருகிற அன்று மட்டும்தான் அடிக்கும் என்று சுவர் இதழில் எழுதியிருந்தேன். கல்லூரி முதல்வர் கூப்பிட்டு, "ஆதாரம் இருக்கா? வாய்க்கு வந்ததை எழுதறதுக்குப் பேர் நையாண்டியா?" என்று கேட்டார். சரியான கேள்வி. எழுதுகிறவன் சோதித்துப் பார்த்துத்தான் எழுதவேண்டும். ஒரு தீக்குச்சிதான் கிழித்தேன். மணி அடித்ததா இல்லையா என்று பிறகு சொல்ல நம்பகமான ஆள் ஒருவர் உள்ளே இருக்கவேண்டும். நூலகரைவிட நம்பகமானவர் யார்? அவர் பாதியில் எழுந்து வந்துவிட்டால் சோதனை கெட்டுவிடும் என்பதால்தான் தாழ் போட்டேன். படியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து கதவைத் தட்டினார். நாலு நிமிஷமாகியும் மணி அடிக்கவில்லை. நான் எழுதியது நூற்றுக்கு நூறு உண்மை. ஒரு டீ குடித்துவிட்டு வந்து திறக்கலாமென்று கேன்டீனுக்குப் போனேன். அதற்குள் சாரி அவசரப்பட்டுவிட்டான்.

ஏன் கோர்ட்டில் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பொய் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

ஏழு வருஷம் என்றார் நீதிபதி. அக்கா பெஞ்சிலிருந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே தாழ்வாரத்தில் போலீஸ்காரர்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போகும்போது, சாரி என் முன்னால் ஒரு நிமிஷம் நின்றான்.

"உன்னை வேற அஞ்சு தடவை அலைய வச்சுட்டேன்டா. மன்னிச்சுக்கடா."

"விடுடா," என்றேன். மனசார மன்னித்தும்விட்டேன். இதையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டிருக்கிற ஆள் நான் இல்லை.