மூலைக்கு ஒரு கம்பி

காவலூரிலிருந்து இறங்கும் பஸ்ஸில், பள்ளிக் கட்டடத்தைச் சோதித்துவிட்டு, சக்கரம் வைத்த ஒரு மெஷினைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டிருந்தவரிடம், பக்கத்துச் சீட்டு அம்மா சொந்தக்காரர்களை விசாரிப்பதுபோல் கேட்டார்.

"ஸ்கூல் மேல்தளத்துல கம்பிங்க எல்லாம் இருந்திச்சா சார்?"

"இருக்குதுக்கா. இத மேல உருட்டினா, உள்ள இருக்கிற கம்பியெல்லாம் ஸ்கிரீன்ல தெரியும். ஒண்ணும் குறையல."

"அப்ப விரிசல் இன்னாத்துக்கு உட்டுது?"

"தண்ணி போற குழாய் அடைச்சிக்கினு, தளத்துல நின்னு ஊறியிருக்குது. கட்னவங்க தப்பில்ல. மூலைக்கு மூலை டிராயிங்ல இல்லாத கம்பி ஒண்ணு அதிகமாவே இருக்குது. அதான் ஏன்னு புரியல."

"அது எங்கூட்டுக்காரர் பழக்கம் சார். அத கட்ன மேஸ்திரி அவருதான். கம்பியத் தின்னுட்டான்னு ஊரே பேசிச்சு. கொத்துக்கரண்டியப் பரண்ல போட்டவருதான், ரெண்டு வருசமா வேலைக்கே போவல."

அந்த அம்மா வீட்டுக்கு போன் போட்டு அவரிடம் நீட்டினார்.

"நீங்களே சொல்லுங்க சார். நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னுவாரு."

அவர் வாங்கிக் காதில் வைத்தார்.

"மேஸ்திரி, வணக்கம். உங்க மூலைக் கம்பியப் பாத்தேன்."