செங்கோடன் மறந்த வசனம்

...அதனால், மரியாதைக்குரிய சபையோரே, இந்த இடத்தில் என் பேச்சைக் கொஞ்சம் ஓரமாக நிறுத்தி வைக்கிறேன். உங்களுக்கு ஒரு குட்டிக் கதை பாக்கி இருக்கிறது. இதைச் சொல்லாமல் இறங்கினால் எனக்குச் சோறு செரிக்காது. எனக்கே செரிக்காது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் 'சபதம் காத்த செங்கோடன்' என்ற நாடகம் தெரியாதவர் உண்டா? இங்கே பிறக்கிற குழந்தை முதல் அழுகையையே செங்கோட ராஜா குரலில்தான் அழும். அப்பேர்ப்பட்ட நாடகம். அதைத்தான் நம் நாடகக் குழுப் பிள்ளைகள் 'சபதம் மறந்த செங்கோடன்' என்று மாற்றிப் போட்டார்கள். ராஜா பாதி வசனத்தில் நிறுத்துவார்... காதில் கையை வைப்பார்... சபையில் யார் என்ன கத்தினாலும் அதையே கம்பீரமாகச் சொல்ல வேண்டும். அதுதான் ஆட்டத்தின் சட்டம்.

மன்றச் செயலாளர் குழந்தைவேலு ஐயாவுக்கு இது பிடிக்கவில்லை. அவர் மீசையின் ஒரு முனை நம் ஊரில் இருந்தால் மறுமுனை அடுத்த தாலுகாவில் இருக்கும். அந்த மீசை துடித்தது. "காவியத்தைக் கேவலப்படுத்தறீங்க. ஒரு ஆட்டம் போடுங்க. ஜனங்க முகம் சுளிச்சா அங்கேயே திரையை இறக்கிடுவேன். அப்புறம் இந்த மேடைப் பக்கம் யாரும் வரக் கூடாது" என்று சொல்லிவிட்டார். ஊரில் இருப்பதே மன்றத்தின் அந்த ஒரு மேடைதான். அது போனால் குழுவும் போச்சு.

ராஜா வேஷம் நம்ம வைரவனுக்கு. அதுவரை ஈட்டி பிடித்து ஓரமாக நின்றவன். முதல் தடவையாகத் தலையில் கிரீடம்.

ஆட்டம் ஆரம்பித்தது. சிரிப்பு என்றால் சிரிப்பு, கூரையில் இருந்த ஓடெல்லாம் எழுந்து நின்று கைதட்டியது. நான் நடுவரிசையில் இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். எதிரி ராஜாவின் கொலுமண்டபக் காட்சி வந்தது. அங்கே ஒரே ஒரு வசனத்தை மட்டும் கேலி செய்யாமல் அப்படியே வைத்திருந்தார்கள். வைரவன் வாளை உருவினான்... வாயைத் திறந்தான்... நின்றான்.

மறந்துவிட்டது ஐயா. சுத்தமாகத் துடைத்துவிட்ட மாதிரி.

கை மட்டும் பழக்கத்தில் காதுக்குப் போனது. சபைக்கு என்ன தெரியும்? ஆட்டம் என்று நினைத்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர், "ரெண்டு பரோட்டா சொல்லுப்பா" என்றார். வைரவன் நெஞ்சை நிமிர்த்தி, "எதிரி மன்னா... இரண்டு பரோட்டா சொல்" என்றான். சபை உருண்டது. மறுபடியும் காதில் கை. இன்னொருவர் சால்னா கேட்டார், அதையும் சொன்னான். மறுபடியும் கை. சிரிப்பு மெலிந்தது. மறுபடியும்... பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம். ரெண்டு பேர் எழுந்தார்கள். குழந்தைவேலு ஐயாவும் எழுந்தார். நேராக மேடை ஓரத்துக்குப் போய்த் திரைக்கயிற்றைப் பிடித்தார்.

வைரவன் அதைப் பார்த்துவிட்டான். அவன் நெற்றியில் வழிந்த வியர்வையைத் திருப்பி விட்டிருந்தால் ஒரு போகம் நெல் விளைந்திருக்கும். வாளைக் கீழே வைத்தான். "ஐயா, நிஜமாவே மறந்துபோச்சு" என்றான்.

சபை என்ன செய்தது? மறுபடியும் சிரித்தது. மறக்கிற ராஜா மறந்துவிட்டேன் என்றால் யார் நம்புவார்கள்?

கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "நம்புங்க. வரல." என்றான்.

அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது. கயிறு செயலாளர் கையில். ஒரு இழுப்பு... முடிந்தது.

அவர் இழுக்கவில்லை. உதடு துடித்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்... முடியவில்லை. கயிற்றை விட்டார். அந்தக் கையை வானத்துக்குத் தூக்கினார்.

"என் வாளை வாங்கிக்கொள்... என் நாட்டை வாங்கிக்கொள்... என் வாக்கை மட்டும் என்னிடம் விட்டுவிடு."

அப்படி ஒரு குரல். மேடைப் பலகை அதிர்ந்தது. வைரவன் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி திருப்பிச் சொன்னான். அடுத்த வரியை அவன் ஆரம்பிக்கும் முன்னே சபை ஆரம்பித்துவிட்டது. பரோட்டா கேட்டவர்தான் முதல் குரல். எழுந்து போன ரெண்டு பேரும் வாசலில் நின்று சொல்கிறார்கள். அந்தக் காட்சி முழுவதையும் ஊரே சொன்னது, வைரவன் நடித்தான். காட்சி முடிந்ததும் மறுபடியும் காதில் கையை வைத்தான். செயலாளரே முந்திக்கொண்டு, "எனக்கு ஒரு டீ சொல்லுய்யா" என்றார். அந்தச் சிரிப்பில் எதிரி ராஜாவின் ஒட்டுத்தாடி விழுந்துவிட்டது.

ஆட்டம் முடிந்ததும் நான் போய்க் கேட்டேன். "ஏன் ஐயா கயிற்றை விட்டீங்க?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்த வசனத்தைக் கை தூக்காம எப்படிய்யா சொல்றது?"

இந்தக் கதையை ஏன் சொன்னேன்? ஊர் ஊராகக் கேட்கிறார்கள், பெரியவர்கள் நாடகத்தை நீங்கள் கேலி செய்யலாமா என்று. நான் உங்களைக் கேட்கிறேன். கல்யாண வீட்டில் யாரைக் கேலி செய்வோம்? தெருவில் போகிறவரையா? மாப்பிள்ளையை, மச்சானை, மாமனை. உரிமை உள்ள இடத்தில்தானே கேலி? முன்பின் தெரியாதவரிடம் மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுவோம். அவ்வளவுதான் உறவு.

செங்கோடனுக்கு வெறும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்த ஊர் அல்ல இது. அவனைப் பரோட்டா கேட்க வைத்த ஊர்... அவன் வாயடைத்து நின்றபோது ஒரு எழுத்துப் பிசகாமல் வசனம் எடுத்துக் கொடுத்த ஊர். ரெண்டும் ஒரே ஊர்தான் ஐயா, ஒரே வாய்தான். இனி எவராவது வந்து, நீங்கள் கேலிக்கார ஊராமே என்றால், தலைகுனிய வேண்டாம். ஆமாம் என்று சொல்லுங்கள். சொல்லும்போது, கையைத் தூக்கிச் சொல்லுங்கள்.