நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்

நான் பேசி முடிக்கும்வரை கண் அயர்வதில்லை என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கும் தலைவர் அவர்களே! முன்வரிசையை முழுதாகப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்துப் பார்க்கும் மூத்த தொழிலாளத் தோழர்களே! மடியில் பிள்ளையும் மனதில் வீட்டு வேலையுமாக, "இந்த மனுஷன் எப்ப முடிப்பாரு" என்று பொறுமையோடு காத்திருக்கும் தாய்மார்களே! லிஃப்ட் பராமரிப்புத் தொழிலாளர் சங்கத்தின் குடும்ப விழாவுக்குத் திரண்டு வந்திருக்கும் உறவுகளே! பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்த இந்த மெக்கானிக்கின் வணக்கம்.

"பிறர் மனம் அறிந்து பழகுவது எப்படி" என்பது எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. வீட்டில் சொன்னேன். "உங்களையா பேசக் கூப்பிட்டாங்க?" என்று என் மனைவி மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை சிரிப்பை அடக்க அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அவள் சிரித்ததில் நியாயம் உண்டு. நான் யார் மனதையும் அறிந்தவன் இல்லை. அறியாமல் இருந்ததால் என் மகளின் காலை இழக்க இருந்தவன். அந்தக் கதையை மட்டும்தான் என்னால் சொல்ல முடியும்.

என் மகளுக்கு இருபத்தொரு வயது. எட்டாவது மாடியில் ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பாளர் வேலை. அந்தக் கட்டடத்தின் லிஃப்டைப் பராமரிப்பவன் நான். அவளோ ஒரு நாளும் லிஃப்டில் ஏறியதில்லை! காலையில் எட்டு மாடி ஏறுவாள், மாலையில் எட்டு மாடி இறங்குவாள். மூடிய பெட்டிக்குள் நின்றால் மூச்சு முட்டும் என்பாள். நான் நம்பினேனா? நம்பவில்லை. கேட்டேனா? கேட்கவில்லை. கேலி செய்தேன்! "லிஃப்ட் மெக்கானிக் பொண்ணுக்கு லிஃப்ட் பயம், மீன்காரன் பொண்ணுக்குத் தண்ணி பயம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரிப்பாள். அது சிரிப்பில்லை என்று தெரியாத மரமண்டை நான்.

ஒரு காலை. சர்வீஸ் முடித்திருந்தேன். கீழே படியருகே அவள் நின்றாள். "வாடி, இப்பதான் நானே எல்லாத்தையும் பார்த்துட்டு வந்தேன், குழந்தை மாதிரி போகும்" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டேன்.

"வேணாம்பா."

"எட்டு மாடி. முப்பது செகண்டு. கண்ணை மூடிக்கோ."

கதவு மூடியது. ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு தாண்டியது. தடக்! நின்றது.

யார் குற்றம்? எந்த மாடிக் கதவின் பூட்டு ஆடினாலும் பெட்டி இருந்த இடத்திலேயே நின்றுவிடும். மூன்றாவது மாடிக் கதவின் பூட்டில் ஒரு ஸ்க்ரூ. அதை இறுக்காமல் விட்டவன் யார்? இதோ, உங்கள் முன்னால் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேனே, இவன்தான்!

என்ன தம்பி அங்கே? "அந்த லிஃப்ட் இப்ப ஓடுதா அண்ணே"வா? ஓடுகிறது. நான் கிட்டே போகாதவரை நன்றாக ஓடும்.

சிரிக்காதீர்கள். இனிமேல் சிரிக்க ஒன்றும் இல்லை.

என் பையும் போனும் மொட்டைமாடி மெஷின் அறையில். அங்கே என் கூட்டாளி இருக்கிறார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அவசரம்'. உள்ளே விளக்கு அணைந்துவிட்டது. நான் என்ன செய்தேன்? பாடம் நடத்தினேன். "நாலு இரும்புக் கயிறு இருக்கு. ஒண்ணு போதும் நம்மைத் தாங்க. பிரேக் பிடிச்சிருக்கு. கீழே விழவே விழாது."

"கயிறைப் பத்தி நான் கேக்கலப்பா!"

சொல்லிக்கொண்டே உள்கதவை இரண்டு கையாலும் பிளந்தாள். எங்கள் பெட்டியின் அடிப்பக்கத்தில், நான்காவது மாடிக் கதவின் மேல்பகுதி இரண்டடி உயரத்துக்குத் தெரிந்தது. மண்டியிட்டாள். அந்தக் கதவின் பூட்டு உருளையைத் தள்ளினாள். கதவு திறந்தது. எந்த உருளையைத் தள்ளினால் எந்தக் கதவு திறக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சின்ன வயதில் நான்தான் பெருமையாகக் காட்டிக் கொடுத்தேன்!

தோழர்களே, தொழில் தெரிந்த உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். தெரியாத தாய்மார்களுக்குச் சொல்கிறேன். அந்த இடுக்கு வழியாக நழுவிக் குதித்தால், உடம்பு ஊஞ்சல் மாதிரி உள்பக்கம் வீசப்படும். பெட்டிக்கு அடியில் நான்கு மாடிப் பள்ளம். அதுவே ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து மேலே. 'அவசரம்' பிரேக்கைக் கையால் விடுவித்தால், மறுபக்கத்து எதிர் எடை இழுத்து, பெட்டி மேலே நகரும். நகர்ந்தால் அந்த இடுக்கு கத்திரிக்கோல் மாதிரி மூடும்.

என் மகள் விளிம்பை ஒட்டிக் குப்புறப் படுத்து, வலது காலை வெளியே விட்டாள்.

கையை நீட்டினேன். "தொட்டீங்கன்னா குதிச்சிடுவேன்!" கை நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த கடைசி வித்தையை எடுத்தேன். "எட்டாவது மாடிக்கு டிக்கெட் வாங்கிட்டு நாலுல இறங்குறியே."

"சிரிக்க வைக்காதீங்கப்பா. எப்பவும் சிரிக்க வெச்சே என் வாயை மூடிடுறீங்க."

இடது காலும் முழங்கால்வரை வெளியே போனது.

என்னிடம் பாடமும் தீர்ந்தது, பகடியும் தீர்ந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நானும் தரையில் குப்புறப் படுத்தேன். அவள் முகத்துக்குப் பக்கத்தில் என் முகம். அப்போது பார்த்தேன் ஐயா! நின்றவன் கண்ணுக்குப் பள்ளமாகத் தெரிந்த இடுக்கில், படுத்தவன் கண்ணுக்கு என்ன தெரிந்தது தெரியுமா? வெளிச்சம்! நான்காவது மாடித் தாழ்வாரத்தில் யாரோ துடைத்துவிட்டுப் போன ஈரத் தரை. சுவரோரம் ஒரு பூந்தொட்டி. முகத்தில் வந்து மோதிய காற்று. நான் சாவு என்று பார்த்ததை அவள் வாசல் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்!

"ஆமாம்மா. காத்து அங்கதான் இருக்கு. எனக்கே அங்க போயிடலாம்னு தோணுது."

முதல் தடவையாக என் பக்கம் திரும்பினாள்.

"உள்ள என்ன பண்ணுது, சொல்லு. நான் பேசல."

"சுவரு நெஞ்சு மேல வருதுப்பா. காது அடைக்குது. நீங்க பேசப் பேச இருக்கிற காத்தையும் நீங்களே எடுத்துக்கிற மாதிரி இருக்கு."

அவள் மூச்சை மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஸ்க்ரூவை நான்தான் சரியா முடுக்கல. உன்னை இழுத்துட்டு வந்ததும் தப்பு" என்றேன்.

"முகம் காத்துப் பக்கமே இருக்கட்டும். காலை மட்டும் உள்ள எடுத்துக்கிறியா?"

இடது கால் வந்தது. வலது காலில் செருப்பு வார் விளிம்பில் மாட்டிக்கொண்டது. உதறினாள். செருப்பு பள்ளத்தில் விழுந்தது; அது அடியைத் தொட்ட சத்தம் எங்களுக்குக் கேட்டது. கால் உள்ளே வந்தது.

அப்போது மேலிருந்து 'அவசரத்தின்' குரல்: "நகத்துறேன்!" பதிலுக்குக் காத்திருக்கிற ஆளா அவர்?

"பின்னால வாம்மா!"

வந்தாள்! காற்றை விட்டு, வெளிச்சத்தை விட்டு, அவளுக்கு மூச்சு முட்டும் அந்த இருட்டுக்குள் வந்தாள். தொடாதே என்றவள் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். பெட்டி குலுங்கியது. இடுக்கு ஓர் அடியாகி, ஒரு சாணாகி, ஒரு விரலாகி, மூடியது.

நான் இழுத்து வந்தாளா? இல்லை. நான்கு கயிறு என்று சொன்னதைக் கேட்டு வந்தாளா? இல்லை. தன் மூச்சுத் திணறலை ஒருவன் பொய்யென்று சொல்லாமல் காது கொடுத்துக் கேட்டான். அதனால் அவன் சொல்லை அவளும் கேட்டாள். உங்கள் பிள்ளை பேசினால் கேளுங்கள்! உங்கள் மனைவி அழுதால், எதற்கு என்று தீர்ப்புச் சொல்லுமுன் கேளுங்கள்! நின்ற இடத்திலிருந்து புத்தி சொல்லாதீர்கள். அவர்கள் விழுந்து கிடக்கும் தரையில் நீங்களும் படுத்துப் பாருங்கள்! சட்டை அழுக்காகும். ஆகட்டும்!

ஐந்தாவது மாடியில் கதவு திறந்தது. ஒற்றைச் செருப்போடு வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் மூச்சு வந்ததும், "மீதி மூணு மாடி நான் படியிலயே போறேன்பா" என்றாள்.

"சரிம்மா."

அவ்வளவுதான் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையைக் கேலியில்லாமல் சொல்ல எனக்கு இருபத்தொரு வருடம் ஆகியிருக்கிறது.

இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், வாக்கைக் காப்பாற்றிக் கண் விழித்திருந்த தலைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி சொல்லி, விடைபெறுகிறேன். வணக்கம்.