பச்சை யானைகளைச் சுற்றி ஓடினோம்

கல். தகரக் கூரையில் முதல் கல். இரண்டாவது, ஜன்னலில். ஞாயிறு மாலை, நாலு பத்து. மூன்றாவது, குமாரியின் முகத்தில் விழுகிறது. அதற்குச் சத்தம் இல்லை.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறை. பொம்மைக் கொட்டகையில் பதினேழு பெண்கள் இருக்கிறோம். சங்கம் வைப்பதற்கான இரண்டாவது கூட்டம். மண்தூசியைத் தின்று இருமிச் சாகாமல் வேலை செய்ய வேண்டும். கேட்டது அவ்வளவுதான். முதலாளிக்கு அதுவே பொறுக்கவில்லை.

மேரி பேசிக்கொண்டிருந்தாள். எங்களோடு அச்சில் மண்குழம்பு ஊற்றுகிறவள். புத்தகப் பைத்தியம். இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் வாழ்ந்த அயர்லாந்துப் பெண்களைப் பற்றிச் சொன்னாள். மாஸ்கோவுக்கும் பெர்லினுக்கும் போனவர்கள். டப்ளினில் மேடையேறி இந்தியாவுக்கு விடுதலை கேட்டவர்கள்.

"அயர்லாந்து எங்கக்கா இருக்குது, பெண்ணாடம் தாண்டியா?" என்று சீண்டினாள் குமாரி. சிரித்தோம்.

"நம்மளப் பாத்ததே இல்லடி அவங்க. ஆனா நமக்காவப் பேசுனாங்க. அவங்க கூடுன வூட்டையும் கல்லால அடிச்சாங்க," என்றாள் மேரி.

சொல்லி வாய் மூடவில்லை. கல்.

குமாரியை இழுத்துக்கொண்டு வெளியே ஓடுகிறோம். இடப்பக்கம் முதலாளியின் ஆட்கள், இரும்புக் குழாயோடு. எதிரே முற்றம். அதைத் தாண்டினால் இடிந்த சுவர், அப்பால் தண்டவாளம். இருபது அடிதான். முற்றம் முழுக்க யானை பொம்மைகள் காய்கின்றன. பச்சை. இன்னும் சூளைக்குப் போகாதவை. கால் பட்டால் தூள்.

"சுத்திப் போங்கடி! பச்சைய மிதிக்காதீங்க!"

கத்தியது நான். இருபது வருடமாகத் தினமும் கத்துகிற கத்தல். உயிர் போகிற நேரத்திலும் அதுதான் வாயில் வந்தது. உனக்கென்ன பைத்தியமா என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. கால்களுக்கும் அதே பழக்கம். எல்லோரும் சுற்றினோம். சுற்றுவழி கேட்டுக்குப் போகிறது. கேட்டிலும் ஆட்கள்.

குழாய் எலும்பில் இறங்குகிறது. விரிசல் விட்ட பீங்கானைத் தட்டினால் வருமே, அந்தச் செத்த சத்தம். தலையை மறைக்கக் கை உயர்த்துகிறேன். விரல்கள் நசுங்குகின்றன. நாலு இருபதுக்கு அவர்களுடைய லாரி கிளம்பியது.

முற்றத்தில் ஒரு யானைகூட உடையவில்லை. முதலாளியின் சரக்கு. அவன் ஆட்கள் எங்களை அடிக்கும்போது அதைக் காப்பாற்றிக் கொடுத்தவள் நான். என்னை நானே மன்னிக்கவில்லை.

இழந்ததை எழுதிக்கொள்ளுங்கள். குமாரியின் இடது கண். என் வலது கையில் இரண்டு விரல். மறுநாள் சங்கத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்ட ஆறு பெண்கள். அவர்களைத் திட்டாதீர்கள், பயந்தார்கள்.

உயிர் ஒன்று. மேரி. முப்பத்தாறு வயது. எங்களில் வேகமாக ஓடுகிறவள் அவள்தான். கேட்டுக்கு முதலில் போய்ச் சேர்ந்தாள்.